இரக்கமற்ற ஆசான்: ஒரு திரை வில்லனின் வரலாற்றுத் தடங்கள்

1984 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான 'த கராத்தே கிட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் நம்மவர் பலருக்கும் தெரிந்ததுதான். வீடியோ நாடாவாகவும் பின்னர் சீடீயாகவும் ஊரூராகச் சுற்றிய படம் அது. தந்தையை இழந்த பையன் ஒருவன் தாயோடு கலிபோர்னியாவுக்குக் குடிவருகிறான். பாடசாலைச் சண்டியர்களிடம் அடிவாங்குகிறான். குடியிருப்பில் திருத்த வேலை செய்யும் ஒகினாவா முதியவர் மியாகியிடம் கராத்தே கற்று, இறுதியில் போட்டியில் வெல்கிறான். கொக்குப்போல் ஒற்றைக்காலில் நின்று அவன் உதைக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு மதில்மேல் ஏறி நின்று கால் சுளுக்கிக்கொண்ட பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு இருப்பார்கள்.

இந்தப் படத்தின் வில்லன் கொள்ளைக்காரனல்லன், கடத்தல்காரனுமல்லன். ஓர் ஆசிரியர். ஜோன் கிறீஸ் என்பது பெயர். மார்ட்டின் கோவ் என்ற நடிகர் ஏற்ற பாத்திரம். வில்லனை 'அவன்' என்று எழுதுவது நமது சினிமாக் கட்டுரைகளின் வழக்கம். இங்கே அவரை ஆசிரியர் என்ற இடத்தில் நிறுத்தியே பேசப்போவதால் 'அவர்' என்றே எழுதுகிறேன். அதே தொழிலைச் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சிறு கட்டாயமும் உண்டு.

கிறீஸின் பயிற்சிக்கூடத்தின் பெயர் கோப்ரா காய். முந்தித் தாக்குவது, பலமாய்த் தாக்குவது, இரக்கம் காட்டாதிருப்பது என மூன்று கட்டளைகள் அதன் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பயம், வலி, தோல்வி என்ற மூன்றும் இந்தக் கூடத்தில் இல்லை என்று அவர்கள் ஒருமித்த குரலில் மறுமொழி கூற வேண்டும். நன்றாகக் கவனித்தால் ஒன்று புரியும். அந்தப் பிள்ளைகள் எவரும் சோம்பேறிகளல்லர். நேரத்துக்கு வருகிறார்கள், கட்டளைக்குப் பணிகிறார்கள், உடலை வருத்திக் கற்கிறார்கள். ஒரு பாடசாலைப் பரிசோதகர் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் ஒழுக்கத்துக்கு முழுப்புள்ளி இட்டுவிட்டுப் போவார்.

படத்தின் உச்சம் கொக்கு உதை அல்ல என்பது என் எண்ணம். அதற்குச் சற்று முன்னால் வரும் அரையிறுதிப் போட்டியில்தான் அது இருக்கிறது. பொபி என்ற மாணவனை அழைத்து, டானியலைப் போட்டியில் தொடர முடியாதபடி செய்துவிடுமாறு கிறீஸ் பணிக்கிறார். பொபிக்கு அது விருப்பமில்லை. முறைப்படி மோதியே தன்னால் வெல்ல முடியும் என்கிறான். ஆசானின் முகத்தைப் பார்க்கிறான். பின்னர் போய் விதியை மீறி டானியலின் முழங்காலில் உதைத்து வீழ்த்துகிறான். உதைத்த மறுகணமே கீழே கிடப்பவன் அருகில் குனிந்து மன்னிப்புக் கேட்கிறான். அவனைப் போட்டியிலிருந்து விலக்குகிறார்கள். இறுதிப் போட்டியில் அதே காயப்பட்ட காலைத் தாக்கும்படி ஜொனி என்ற முதன்மை மாணவனுக்கும் உத்தரவு வருகிறது. ஜொனியின் கண்கள் ஒரு கணம் கலங்குகின்றன. அவனும் பணிகிறான்.

இரு பிள்ளைகளுக்கும் தாம் செய்வது பிழை என்று தெரிந்திருந்தது. தெரிந்தும் செய்தார்கள். வேறொரு பிள்ளையின் காலை முறிக்க ஆசான் தன் மாணவனையே ஆயுதமாக எடுக்கிறார். அந்த வேலைக்கு அவர் தன் கையை நீட்டவே இல்லை. இப்படியொரு ஆசான் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால், அமெரிக்க விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைக் காட்டுவார்கள். கிறீஸ் வியட்நாம் போரில் இருந்தவர். பயிற்சிக்கூடச் சுவரில் படை உடையோடு அவரது நிழற்படம் தொங்குகிறது. போர் அவரைக் கெடுத்தது. இது பொய்யல்ல. ஆனால் பாதியே உண்மை. மற்றப் பாதியைத் தேடி வியட்நாமைத் தாண்டிப் போகவேண்டும்.

முதலில் கதாசிரியர். ரொபர்ட் மார்க் கேமன் நியூயோர்க்கைச் சேர்ந்தவர். 1964 ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு முரட்டுக் கூட்டத்திடம் அடிபட்டு, அதன் பின்னர் கராத்தே கற்கத் தொடங்கியவர். அவருடைய முதல் ஆசான் மரைன் படையிலிருந்து வந்தவர். வன்முறையையும் பழிவாங்கலையும் போதித்த அவரிடம் மனம் ஒட்டாமல் கேமன் விலகினார். பிறகு ஒகினாவாவின் கோஜு-ரியு மரபில் வந்த ஓர் ஆசானிடம் சேர்ந்தார். கோஜு-ரியுவை நிறுவியவர் மியாகி சோஜுன் (1888-1953). படத்து முதியவருக்கு அந்தப் பெயரே சூட்டப்பட்டது. ஆக, கிறீஸும் மியாகியும் கேமனின் வாழ்வில் அடுத்தடுத்து வந்த இரு ஆசான்களின் நிழல்கள். இதைக் கேமனே பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

கொடிய அமெரிக்கப் படையாள் ஒருபுறம், சாந்தமான ஒகினாவா முதியவர் மறுபுறம் என்று கோடு கிழித்துவிடுவது எளிது. வரலாறு அந்தக் கோட்டை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒகினாவா ஒருகாலத்தில் ரியுக்யு என்ற தனி இராச்சியம். 1609 இல் யப்பானின் சட்சுமா குலத்தவர் படையெடுத்து அதைக் கீழ்ப்படுத்தினர். 1879 இல் யப்பான் அதை முற்றாக இணைத்து ஒரு மாவட்டமாக்கியது. ஆயுதம் பறிக்கப்பட்ட ஏழை விவசாயிகள் வெறுங்கையால் சாமுராய்களைக் குதிரையிலிருந்து வீழ்த்தினார்கள் என்றொரு கதை கராத்தே நூல்களில் உலாவுகிறது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பெயர் தெரிந்த பழைய ஆசான்களில் பெரும்பாலோர் அரசவையை அண்டிய உத்தியோக வகுப்பினர். கலை சில வீடுகளுக்குள், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், பெரும்பாலும் மறைவாகவே கற்பிக்கப்பட்டது. அதைச் 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்துக்களாலேயே எழுதினர். (நமது ஊர்களில் அண்ணாவிமார் பழக்கிய சிலம்படியோடு சேர்த்துச் 'சீனடி' என்றும் சொல்வோமே, அந்தப் பெயர் எனக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பெயர் ஒற்றுமைக்கு மேல் எதையும் நான் சொல்லவரவில்லை.)

மறைவிலிருந்த கலையை வெளியே கொண்டுவந்தவர் இட்டோசு அன்கோ (1831-1915). ரியுக்யு அரசரிடம் எழுதுவினைஞராக இருந்தவர். 1901 இல் ஷுரி நகரின் ஆரம்பப் பாடசாலையில் கராத்தேயை உடற்பயிற்சியாகப் புகுத்தினார். பழைய அடிமுறைகளின் ஆபத்தான பகுதிகளைத் தணித்துச் சிறுவர்களுக்கென 'பினான்' எனும் ஐந்து பயிற்சித் தொடர்களை அமைத்தார். பினான் என்றால் அமைதி, சாந்தி என்று பொருள்.

இதே இட்டோசு 1908 இல் கல்வி அதிகாரிகளுக்கு அனுப்பிய கடிதம் ஒன்று உண்டு. பத்துக் கருத்துகள் அதில் உள்ளன. சிறுவயதிலேயே பிள்ளைகளுக்குக் கராத்தேயைப் பழக்கினால் எதிர்காலத்தில் நாட்டின் படைக்குப் பெரும் பயன் கிடைக்கும் என்ற கருத்து அவற்றுள் ஒன்று. அதற்குச் சான்றாக அவர் காட்டுவது யாரை என்று நினைக்கிறீர்கள்? நெப்போலியனை வென்ற ஆங்கிலேயப் பிரபு வெலிங்டனை. அந்த வெற்றி பாடசாலை விளையாட்டு முற்றத்திலேயே பெறப்பட்டது என்று வெலிங்டன் சொன்னதாகப் பரவியிருந்த கதையைத்தான் அந்த ஒகினாவா முதியவர் எடுத்தாண்டார். ஒகினாவாவில் கட்டாயப் படைச்சேவை 1898 இல் நடைமுறைக்கு வந்திருந்தது. தன் தீவின் கலைக்குப் பேரரசின் பாடசாலையில் ஓர் இடம் வேண்டுமென்றால் படைக்குப் பயன்படும் என்று சொல்லியாக வேண்டும். இட்டோசுவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாசலைத் திறந்தவர் அவர்தான்.

அந்த வாசலால் உள்ளே வந்தவர் அவருடைய மாணவர் யாபு கென்ட்சு (1866-1937). யப்பானியப் படையில் சேர்ந்த முதல் ஒகினாவா இளைஞர்களுள் ஒருவர். 1894-95 சீன யப்பானியப் போரில் பங்குகொண்டவர். ஊர் திரும்பியபின் ஒகினாவா ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் கராத்தே கற்பித்தார். 'சார்ஜன்ட்' என்பதே அவருக்கு நிலைத்த பட்டப்பெயர். மாணவர்களை வரிசையில் நிறுத்துவது, எண்ணிக்கைக்குக் கைகால் அசைப்பது, கட்டளைக்கு ஒருமித்துக் குரல் கொடுப்பது ஆகிய இன்றைய கராத்தே வகுப்பின் முறைமைகள் பலவற்றையும் அவரோடு தொடர்புபடுத்திச் சொல்வர். ஒருவர் ஒருவருக்குக் கற்பித்த கலை படைமுகாமின் அணிவகுப்பாக மாறியது இவ்வாறுதான். அதுவும் எங்கே? ஆசிரியர்களை உருவாக்கும் இடத்தில். அங்கே பயின்று வெளியேறிய ஒவ்வொருவரும் ஒரு கிராமப் பாடசாலைக்கு அந்த முறையைக் கொண்டுபோயிருப்பர்.

நானும் ஓர் ஆசிரிய கலாசாலையில் பயின்று வந்தவன் என்பதால் இந்தச் செய்தியை வாசித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி அணிநடை பழக்குகையில் எங்கள் தொண்டையிலிருந்து வெளிவரும் குரல் யாருடையது என்று நாங்கள் கேட்டதில்லை. 2005 ஆம் ஆண்டின் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை பிரம்பை விலக்கியது. குரலைச் சுற்றறிக்கையால் விலக்க முடியாது.

யப்பானின் பெருநிலத்துக்குக் கலையைக் கொண்டுசென்ற புனகோஷி கிச்சினும் (1868-1957) ஒரு பாடசாலை ஆசிரியரே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவர். 1922 இல் டோக்கியோவில் கல்வி அமைச்சு நடத்திய உடற்கல்விக் கண்காட்சியில் கராத்தேயைச் செய்துகாட்டினார். பின்னர் அங்கேயே தங்கிவிட்டார். கராத்தேயில் முதலடி இல்லை என்ற பொருள்படும் நெறியை அவர் வலியுறுத்தியது யாவரும் அறிந்தது. கோப்ரா காய்ச் சுவரின் முதற்கட்டளை இந்த நெறியை அப்படியே தலைகீழாகத் திருப்பியது. கேமன் தெரிந்துதான் செய்திருக்கிறார். ஆனால் புனகோஷியின் காலத்திலேயே நிலைமை அவர் கையை மீறிப் போய்க்கொண்டிருந்தது. கலை பல்கலைக்கழகக் கழகங்களுக்குள் புகுந்தது. 1930களில் சீனாவோடு பகை முற்றியிருந்த யப்பானில் 'சீனக் கை' என்ற பெயர் உறுத்தியது. அதே உச்சரிப்பில் 'வெறுங்கை' என்று எழுத்தை மாற்றினார்கள். 1936 இல் ஒகினாவா ஆசான்களும் கூடி அதற்கு இணங்கினர். இளைஞர்கள் மோதலை விரும்பினர். மூத்த மாணவன் இளைய மாணவனை அடிப்பது பயிற்சியின் ஒரு பகுதியானது. அந்த இளைஞர்கள் எங்கே போகவிருந்தார்கள் என்பது அனைவருக்கும் தெரியும்.

திரைப்பட வரலாற்றில் ஒரு விசித்திரம் இங்கே குறுக்கிடுகிறது. யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா, 'சன்ஷிரோ சுகாத்தா' என்ற ஜூடோ வீரனின் கதையை 1943 இல் படமாக்கினார். அதன் இரண்டாம் பாகம் 1945 மே மாதம் வெளிவந்தது. அதில் வரும் கொடியவர்கள் இரு சகோதரர்கள். கராத்தேக்காரர்கள். காட்டுத்தனமான, கட்டற்ற மனிதர்களாகவே அவர்கள் காட்டப்படுகிறார்கள். டோக்கியோத் திரையில் கராத்தே இவ்வாறு அநாகரிகமாகச் சித்திரிக்கப்பட்ட அந்த மாதத்தில் கராத்தேயின் தாய்மண் எரிந்துகொண்டிருந்தது.

1945 ஏப்ரல் முதலாம் திகதி அமெரிக்கப் படைகள் ஒகினாவாவின் பெருந்தீவில் இறங்கின. ஏறத்தாழ மூன்று மாதங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒகினாவா மக்கள் மாண்டனர். மியாகி சோஜுன் தன் பிள்ளைகள் சிலரையும் தனக்குப் பின் கலையைக் கொண்டுசெல்வார் என்று நம்பியிருந்த மாணவர் ஷின்சாத்தோ ஜினானையும் இழந்தார். ஆசிரிய கலாசாலையின் ஆண் மாணவர்கள் படைத்துணைக்குத் திரட்டப்பட்டனர். பெண்கள் கலாசாலையிலிருந்தும் அதனோடு இணைந்த உயர்தரப் பாடசாலையிலிருந்தும் 222 மாணவிகள், 18 ஆசிரியர்களுடன், குகைகளில் இயங்கிய படை வைத்தியசாலைகளுக்குத் தாதிகளாக அனுப்பப்பட்டனர். ஹிமெயூரி மாணவிகள் என்று பின்னர் பெயர்பெற்றவர்கள் இவர்கள். ஜூன் 18 ஆம் திகதி, இனி உங்கள் பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கலைப்பு உத்தரவு வந்தது. குண்டுமழை பெய்யும் வெளிக்கு அந்தப் பிள்ளைகள் போகவேண்டியதாயிற்று. 240 பேரில் 136 பேர் திரும்பவில்லை. ஆசிரியர்களே பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். ஆசிரியர்களும் அவர்களோடு மாண்டார்கள். பாடசாலைச் சீருடையிலிருந்து போர்க்களத்துக்குப் பிள்ளைகள் போன கதையை நம் நாட்டு வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தது. அமெரிக்கர் ஒகினாவாவை விட்டுப் போகவில்லை. 1972 வரை அவர்களே ஆண்டார்கள். அதன் பின்னும் அவர்களுடைய தளங்கள் அங்கே நீடிக்கின்றன. போரில் அனைத்தையும் இழந்திருந்த ஆசான்களுக்கு மரைன் படையினர் கூலி கொடுக்கும் மாணவர்களாக வந்தனர். ஷிமாபுகு தத்சுவோ போன்றோர் அவர்களுக்குக் கற்பித்தனர். ஒகினாவாவில் ஒன்று, ஒன்றரை ஆண்டு சேவை. அதற்குள் ஒரு கறுப்புப் பட்டி. ஊர் திரும்பி ஒரு பயிற்சிக்கூடம். மொழி தெரியாது, தத்துவம் கேட்க நேரமில்லை. அடியும் உதையும் கட்டளையும் மட்டும் கப்பலேறின. கேமனின் முதல் ஆசானைப் போன்றவர்கள் அமெரிக்காவின் ஊர்களில் தோன்றியது இப்படித்தான்.

கிறீஸின் கலை நேராக ஒகினாவாவிலிருந்து வந்ததுமல்ல. அது இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது. 'த கராத்தே கிட்' படத்தின் சண்டைகளை அமைத்தவர் பட் ஜோன்சன். இறுதிப் போட்டியில் நடுவராகவும் அவரே தோன்றுகிறார். அவர் பயின்றது 'தங் சூ டோ' எனும் கொரிய முறை. கோப்ரா காய் மாணவர்களின் அசைவுகளில் தெரிவதும் அதுவே. அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து கொரியாவின் ஓசான் தளத்தில் பணியாற்றிய சக் நொரிஸ் அங்கே கற்று வந்ததும் அதே முறைதான். தங் சூ டோ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வியப்பு ஏற்படும். 'சீனக் கை' என்ற அதே பழைய எழுத்துக்களின் கொரிய உச்சரிப்பு அது. 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானின் குடியேற்ற நாடாக இருந்தது. டோக்கியோவுக்குப் படிக்கப்போன கொரிய மாணவர் சிலர் புனகோஷியின் கராத்தேயைக் கற்றுத் திரும்பினர். வேறு சிலர் யப்பானிய நூல்களைப் பார்த்துக் கற்றனர். யப்பானியர் வெளியேறியதும் கலைக்குக் கொரியப் பெயர் வந்தது. ஐந்து பயிற்சித் தொடர்கள் மட்டும் மாறவில்லை. இட்டோசு சிறுவர்களுக்காக அமைத்த பினான், கொரியாவில் 'பியோங் ஆன்' ஆயிற்று. சாந்தி என்ற பொருளும் அப்படியே இருந்தது.

ஷுரியின் ஆரம்பப் பாடசாலையிலிருந்து டோக்கியோப் பல்கலைக்கழகத்துக்கு, அங்கிருந்து குடியேற்றக் கொரியாவுக்கு, கொரியாவிலிருந்து அமெரிக்க விமானத்தளத்துக்கு, தளத்திலிருந்து கலிபோர்னியாவின் கடைத்தெருவுக்கு. இந்தப் பாதையில் கலை கைமாறிய இடங்கள் பலவற்றிலும் ஒரு படை நின்றிருக்கிறது. கிறீஸ் அந்தப் பாதையின் இறுதியில் நிற்கிறார். வியட்நாம் அவரைக் கூர்மையாக்கியிருக்கலாம். வார்த்தெடுத்தது அது மட்டுமல்ல.

1984 இன் அமெரிக்காவுக்கு இவ்வளவு நீளமான கதை தேவைப்படவில்லை. வியட்நாமில் தோற்றுத் திரும்பி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் போரின் குற்ற உணர்வை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. ஒரு கடைத்தெருப் பயிற்சிக்கூடத்தில், ஒரே மனிதனின் தோளில், அதை இறக்கிவைத்தார்கள். அவன் தோற்றால் கணக்குத் தீர்ந்தது. ஹொலிவூட்டின் சௌகரியம் இது.

ஆனாலும் படத்தில் ஒரு காட்சி இந்தச் சௌகரியத்தைக் குலைக்கிறது. ஓர் இரவு மியாகி குடிபோதையில் பழைய படையுடையோடு அமர்ந்திருக்கிறார். அவரும் படையாளே. 442 ஆம் படைப்பிரிவில், யப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைக் கொண்ட அந்தப் புகழ்பெற்ற பிரிவில், ஐரோப்பாவில் போரிட்டவர்; உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றவர். அவர் போர்முனையில் இருந்தபோது அவருடைய மனைவியும் பிறந்த குழந்தையும் மன்சனார் தடுப்பு முகாமில் பிரசவத்தின்போது இறந்துபோனார்கள். 1942 முதல் ஏறத்தாழ 120,000 யப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு இத்தகைய முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. அந்த அரசு அதற்காக மன்னிப்புக் கோரிச் சட்டமியற்றியது 1988 இல்; படம் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். கதையோட்டத்துக்குத் தடை என்று கருதி அந்தக் காட்சியை வெட்டிவிடத் தயாரிப்பு நிறுவனத்தார் விரும்பினர். நெறியாளர் ஜோன் அவில்ட்சன் இணங்கவில்லை. மியாகியாக நடித்த பட் மொரிட்டாவுக்கு ஒஸ்கார் பரிந்துரை கிடைக்க அந்தக் காட்சியே பெரிதும் காரணம் என்பர். மொரிட்டா முள்ளந்தண்டுக் காசநோயால் சிறுவயதின் பெரும்பகுதியை வைத்தியசாலையில் கழித்தவர். 11 வயதில் எழுந்து நடக்கத் தொடங்கியவரை அங்கிருந்து நேரே அரிசோனாவின் கிலா ரிவர் தடுப்பு முகாமுக்குத்தான் கொண்டுசென்றார்கள்.

ஆகவே படத்தில் இருப்பவர்கள் இரு படையாட்கள். ஒருவர் தனக்கு நேர்ந்ததைத் தனியே அழுது தீர்க்கிறார். அதை மாணவன் தற்செயலாகத்தான் அறிகிறான். மற்றவர் தனக்கு நேர்ந்ததைப் பாடத்திட்டமாக்கிவிட்டார்.

ஆசிரியரின் கடுமை பற்றி நமது மரபில் பேசியவர்கள் இல்லாமலில்லை. மாணவரைத் தன் பிள்ளைகளாகப் பாவித்து இரங்குவதே ஆசிரியரின் முதற்கடமை என்று இமாம் கஸ்ஸாலி வைத்தார். இப்னு கல்தூன் (1332-1406) தனது முகத்திமாவில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அவருடைய பார்வை கஸ்ஸாலியினதைப் போல அறநோக்கு மட்டும் கொண்டதன்று, அது சமூகவியல். அடக்குமுறையில் வளரும் மாணவனின் உள்ளம் சுருங்கிப்போகும், ஊக்கம் வற்றிப்போகும், அடிக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் அவனுக்குப் பழக்கமாகிவிடும் என்கிறார். அத்தோடு நில்லாமல் கொடுங்கோலின் கீழ் வாழ்ந்த சமூகங்களுக்கும் இதுவே நேர்ந்தது என்று வகுப்பறையிலிருந்து அரசுக்குப் போகிறார். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதில்தான் அவருடைய மேதைமை. கூடவே ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதே அத்தியாயத்தில், கலீபா ஹாரூன் அல் ரஷீத் தன் மகனின் ஆசிரியருக்கு வழங்கிய அறிவுரையை அவர் மெச்சி எடுத்துக்காட்டுகிறார். மென்மை பலிக்காத இடத்தில் கடுமையையும் பயன்படுத்தலாம் என்பது அந்த அறிவுரையின் முடிவு. நம்மில் சிலர் அந்த முடிவை மாத்திரம் மனனம் செய்து வைத்திருக்கிறோம்.

பொபியின் முகத்தில் நான் காண்பது இப்னு கல்தூன் சொன்ன அந்தச் சுருக்கத்தைத்தான். அவன் கோழையல்லன், பலசாலி. ஆனால் தன் மனம் சொல்வதை ஆசானின் முன் ஒரு வாக்கியத்துக்கு மேல் சொல்ல அவனுக்கு வலுவில்லை. பயம், வலி, தோல்வி மூன்றையும் வெளியேற்றிவிட்டதாகப் பெருமைப்பட்ட கூடத்தில் ஆசான் மீதான பயம் மட்டும் எஞ்சி நின்றது.

1986 இல் வந்த இரண்டாம் பாகம் போட்டி முடிந்த அன்றிரவே தொடங்குகிறது. வாகனத் தரிப்பிடத்தில், இரண்டாமிடம் பெற்றதற்காக ஜொனியின் கிண்ணத்தை உடைத்து அவன் கழுத்தை நெரிக்கிறார் கிறீஸ். தடுக்க வந்த மியாகியை நோக்கி வீசிய குத்துகள் காரின் கண்ணாடிகளில் பட்டு அவருடைய கைகளே இரத்தமாகின்றன. 1989 இன் மூன்றாம் பாகத்தில் அவருக்கு வியட்நாம் தோழர் ஒருவரும் கிடைக்கிறார். இவ்விரு பாகங்களிலும் கிறீஸ் வெறும் பூச்சாண்டியாகிவிட்டார் என்பதால் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

2018 முதல் 2025 வரை வந்த 'கோப்ரா காய்' தொலைக்காட்சித் தொடர் அவரை மீண்டும் மனிதராக்க முயன்றது. 2021 இல் வெளியான மூன்றாம் பருவத்தில் அவருடைய இளமை காட்டப்படுகிறது. உணவுக்கடையில் வேலைசெய்து, பணக்காரப் பையன்களிடம் ஏச்சும் அடியும் வாங்கிய வறிய பிள்ளை அவர். அதாவது ஒருகாலத்தில் அவரும் ஒரு டானியல். வியட்நாமில் டேர்னர் என்ற அதிகாரி அவருக்கு இரக்கமின்மையைக் கற்பிக்கிறார். டேர்னருக்குக் கற்பித்தவர் கிம் சன்-யுங் என்ற கொரிய ஆசான். ஆசானுக்குப் பின்னால் ஆசானாகச் சங்கிலி நீள்வதைத் தொடர் காட்டியது. அந்த அளவில் 1984 இன் படத்தைவிட வரலாற்றுக்கு அருகில் வந்தது. ஆனால் பழி மேலும் ஒரு தலைமுறை பின்னே நகர்ந்து, கடைசியில் ஒரு கொரியக் கிழவரிடம் போய் இறங்கியது. கொடிய கீழைத்தேயக் கிழவர் என்ற உருவம் ஹொலிவூட்டுக்குப் புதியதல்ல. சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் இறுக்கிய அரசுகளும் படைகளும் பாடசாலைகளும் அந்தக் கிழவரின் பின்னால் மறைந்துகொண்டன.

பொபியும் அந்தத் தொடரில் வருகிறான். 2019 இல் வெளியான இரண்டாம் பருவத்தில், பழைய தோழர்களோடு. தலைநரைத்த மனிதன். ஒரு காலத்தில் ஆசான் சொன்னதற்காக இன்னொரு பிள்ளையின் முழங்காலை உதைத்தவன் இப்போது தேவாலயம் ஒன்றில் போதகராக இருக்கிறான்.